பிரெட்னிசோலோன் அசிடேட் 1% கண் சொட்டு: குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்

அடிபட்ட கண்ணில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில் கழித்துக் கிளம்பும் அழற்சிக்குக் கண் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் ஸ்டீராய்டு சொட்டு இது. கண்ணின் முன்பகுதியைப் பொறுத்தவரை மருந்தில் குறையில்லை. குறையெல்லாம் விடுகிற விதத்தில்தான்.

மருந்து இதில் கரைந்திருக்காது, துகளாக மிதக்கும். நிறுத்தி வைத்த புட்டியில் அடியில் வண்டல் கட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். கடையில் தண்ணீர்போல் தெளிந்த சொட்டைக் கொடுத்தால் அட்டையைப் படியுங்கள். அது பிரெட்னிசோலோன் சோடியம் பாஸ்பேட்டாக இருக்கலாம். பெயர் பாதி ஒன்றுதான், ஆனால் கருவிழியைத் தாண்டி உள்ளே போவதில் அசிடேட்டுக்கு ஈடாகாது.

ஒரு சொட்டு போதும், அதிலேயே பாதி வழிந்துவிடும், இரண்டாவது கன்னத்துக்குத்தான். விட்டதும் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் தொண்டையில் கசக்காது. பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ், பின்னாலிருக்கும் லென்ஸோடு ஒட்டாமலிருக்க, பாப்பாவை விரிக்கும் சொட்டான ஹோமட்ரோபினோ அட்ரோபினோ கூடவே எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள்.

இதற்கு மாற்றாக இன்னொரு ஸ்டீராய்டு சொட்டும் உண்டு: டைஃப்ளுபிரெட்னேட் 0.05% பால்மம், குலுக்கத் தேவையில்லை, நாளுக்கு நாலு முறையே போதும். ஆனால் கண் அழுத்தத்தை அது இன்னும் வேகமாக ஏற்றக்கூடும். அசிடேட்டிலும் சிலருக்குச் சில வாரங்களில் ஏறும். வலிக்காது, அளந்தால்தான் தெரியும். நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரும். சட்டென நிறுத்தினாலோ அழற்சி திரும்பிவிடும். மணிக்கொரு சொட்டில் தொடங்கியதைப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

இந்தச் சொட்டுக்கு எட்டாத இடமும் உண்டு. துளைத்த காயத்துக்குப் பிறகு, அடிபடாத கண்ணையும் சேர்த்து உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவது சிம்பதெடிக் ஆப்தால்மியா. மூன்று வயதில் தோல் குத்தும் ஊசியால் ஒரு கண்ணில் காயம்பட்ட, பிரெயில் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலுக்கு மற்ற கண்ணும் போனது இதனால்தான் என்பார்கள். பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வரும், பல வருடம் கழித்தும் வந்ததுண்டு. நல்ல கண்ணில் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். அழற்சி கண்ணின் பின்புறம் வரை பரவுவதால் சொட்டு மட்டும் போதாது. பிரெட்னிசோலோன் மாத்திரை, வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், பிறகு தேவைப்பட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின்.

மிச்சமிருக்கும் புட்டியை அடுத்த தடவை கண் சிவந்தால் எடுத்து விடுவதுதான் பெரிய தப்பு. நெல் தாளோ இலையோ கிழித்த கருவிழியில் பூஞ்சை பிடித்திருந்தால் ஸ்டீராய்டு அதற்கு உரம் போட்ட மாதிரி. திறந்த தேதியைப் புட்டிமேல் எழுதி, 28 நாள் ஆனதும் வீசிவிடுங்கள்.