பேரிங் எண்ணைத் தேட ஃபிரேஸா, கீவேர்டா?

பாரிமுனையில் ஒரு பேரிங் கடைக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை வைத்து ஸ்டாக் தேடல் செய்து கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதலாளி போன் போட்டார்: "என்ன தம்பி, கேக்கறது ஒண்ணு, காட்டறது ஒண்ணா இருக்கு?"

கடைப் பையன் தட்டியது 6203-2ஆர்எஸ். கூடவே வந்து நின்றது 6203-2ஆர்எஸ் சி3. இரண்டுக்கும் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40. உள்ளே இருக்கும் இடைவெளி மட்டும் சி3-இல் கூடுதல். அவசரத்தில் மாறிப்போனால் சரக்கு திரும்பி வரும்.

அப்போது நான் வைத்திருந்தது மேட்ச் ஃபிரேஸ், அதாவது சொற்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருக்கிறதா என்று பார்க்கும் தேடல். எழுத சுலபம், இருக்கிற டெக்ஸ்ட் ஃபீல்டிலேயே ஓடும். ஆனால் அந்த ஃபீல்டைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் ஸ்டாண்டர்டு அனலைசர் ஹைஃபனில் வெட்டி 6203, 2ஆர்எஸ் என்று இரண்டு துண்டாக்கிவிடும். அவை அடுத்தடுத்து இருந்தால் ஃபிரேஸுக்குப் போதும். வாலில் சி3 ஒட்டியிருப்பதைக் கண்டுகொள்ளாது. சரக்கு விவரணையில் தேட இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

(அதே ஃபீல்டில், தட்டியதை வெட்டாமல் அப்படியே தேடும் டெர்ம் கொடுத்தால் ஒன்றும் வராது. வெட்டிய துண்டுகளில் முழு எண்ணுக்கு எங்கே போவது?)

கீவேர்டு ஃபீல்டு எண்ணை வெட்டாமல் முழுசாக வைத்துக்கொள்ளும். சி3 தனி, சாதா தனி. என் ஓட்டு இதற்குத்தான். தொல்லை பராமரிப்பில் இருக்கிறது. ஒருவர் கோடு போட்டு அடிப்பார், ஒருவர் இடம் விட்டு, ஒருவர் எல்லாம் சின்ன எழுத்தில். அதற்கு நார்மலைசர் வேண்டும்: எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, கோட்டையும் இடைவெளியையும் எடுத்துவிடும். இதை ஆரம்பத்திலேயே யோசித்துவிடுங்கள். ஃபீல்டு உருவான பிறகு வேறு நார்மலைசர் மாட்ட முடியாது; புது இண்டெக்ஸ் (தேடலுக்கான சரக்குத் தொகுப்பு) உருவாக்கி, எல்லாச் சரக்கையும் அதில் மறுபடி ஏற்ற வேண்டும், அதாவது முழு ரீஇண்டெக்ஸ். நார்மலைசரில் சாய்கோட்டை (/) மறந்ததால் எனக்கு இரண்டு ராத்திரி போனது. அதே எண்ணுக்குப் புதுசாகத் துணை ஃபீல்டு சேர்த்தாலும் பழைய சரக்குக்கு அது காலியாகவே இருக்கும், பழைய பதிவுகளை மறுபடி பதியும் அப்டேட் பை கொயரி ஓட்டும்வரை. இண்டெக்ஸுக்கு ஆரம்பத்திலேயே ஓர் அலையஸ் (மாற்றுப் பெயர்) வைத்திருந்தால் மாற்றுவது கடைக்குத் தெரியாமலே முடியும்.

கோட்டை எடுப்பது எல்லா பிராண்டு எண்ணுக்கும் ஒத்துவரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது இந்த ஒரு கடைச் சரக்கைத்தான்; இதுவரை இரண்டு எண் மோதவில்லை.

ஒரு கம்பெனி 2இசட் என்பதை இன்னொன்று இசட்இசட் என்கும், இரண்டும் இருபுறமும் தகடு மூடிய அதே பேரிங். கீவேர்டுக்கு அவை வேறு வேறு. அந்த ஜோடிப் பட்டியலை மட்டும் கடையின் பழைய கணக்கர் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.