டைவர்ஸ்ல "பாலிசி பசங்களுக்கு"ன்னு எழுதினா போதுமா? நாமினி, அசைன்மெண்ட், எம்.டபிள்யூ.பி. எது தாங்கும்

என் தங்கச்சி மியூச்சுவல் டைவர்ஸ் பெட்டிஷன்ல "அப்பாவோட பாலிசில ரெண்டு பிள்ளைங்களும் நாமினியா இருப்பாங்க"ன்னு ஒரு வரி இருந்துச்சு, நாங்களும் நிம்மதியா கையெழுத்து போட்டுட்டு வந்துட்டோம். அப்புறம் தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "நாமினிய அவரு நாளைக்கே மாத்தலாம்மா, உங்ககிட்ட கேக்கவே வேணாம்".

நெஜம்தான். இன்சூரன்ஸ் சட்டம் 39வது பிரிவுல பாலிசிதாரர் எப்ப வேணா நாமினிய மாத்தலாம். கோர்ட்ல நீங்க பேசிக்கிட்டதுல கம்பெனி பார்ட்டியே இல்ல, அவங்க ரெஜிஸ்டர்ல இருக்கிற பேருக்கு செக் குடுத்துட்டா அவங்க வேலை முடிஞ்சது. ரெண்டாவது பொண்டாட்டி பேரு ஏறியிருந்தா பிள்ளைங்க டைவர்ஸ் டிக்ரி (கோர்ட் தீர்ப்பு) காப்பிய தூக்கிட்டு அவங்க மேல கேஸ் போடணும், தீர்ப்பு வர்றதுக்குள்ள பணம் இருக்குமா சொல்லுங்க.

சரி, நாமினியா பிள்ளைங்க பேரே கடைசி வரைக்கும் இருந்துச்சுன்னு வெச்சுக்குங்க, அப்பவும் முழு நிம்மதி இல்ல. நாமினி பணத்த வாங்கிக்கிற ஆளு மட்டும்தான், பங்கு வாரிசுக்கேன்னு சுப்ரீம் கோர்ட் 1984லயே சர்பதி தேவி கேஸ்ல சொல்லிருச்சு. 2015 திருத்தத்துல பெத்தவங்க, வாழ்க்கைத்துணை, பிள்ளைங்க நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கேன்னு மாத்துனாங்க, ஆனா 2025ல கர்நாடக ஐகோர்ட் வாரிசுங்க அப்பவும் பங்கு கேக்கலாம்னு சொல்லிருக்கு. இந்து வாரிசுரிமைப்படி பாத்தா ரெண்டாவது பொண்டாட்டி, அவங்க குழந்தை, அவரோட அம்மா, நம்ம ரெண்டு பிள்ளைங்க, ஆக 5 பங்கு. முழுசா நம்ம பிள்ளைங்களுக்குன்னு நினைச்சது 5ல 2 ஆயிடும்.

அசைன்மெண்ட், அதாவது பாலிசியவே இன்னொருத்தர் பேருக்கு எழுதிக்குடுக்கிறது, இதவிட பல மடங்கு கெட்டி. 38வது பிரிவுல முழுசா எழுதிக்குடுத்துட்டா பாலிசியே கை மாறிடும், பழைய நாமினேஷன் தானா போயிடும், அவரால அது மேல லோன் போடவோ, சரண்டர் பண்ணவோ (பாதியில முடிச்சு பணம் வாங்கவோ) முடியாது. ஏற்கனவே ஓடிட்டிருக்கிற பாலிசிக்கு இதுதான் வழி. ஆனா எண்டோமெண்ட்னா (காப்பீடும் சேமிப்பும் சேந்த பாலிசி) மெச்சூரிட்டி பணமும் சேந்து போகுதே, எந்த ஆம்பளயும் லேசுல ஒத்துக்க மாட்டான் (தங்கச்சி புருஷனும்தான்). மைனர் பேருக்கு எழுதுறப்ப கார்டியன் பேப்பர் கேட்டு அலைய விடுவாங்க. பாலிசி மேல லோன் ஏதும் பாக்கி இருக்கான்னு முதல்லயே பாத்துக்குங்க.

உயிலா? விடுங்க, இன்னொரு உயில் எழுத எவ்வளவு நேரமாகும்.

எனக்கு புடிச்சது எம்.டபிள்யூ.பி. பாலிசி, அதாவது மேரீட் விமன்ஸ் ப்ராபர்ட்டி (கல்யாணமான பெண்கள் சொத்து) சட்டப்படி எடுக்கிறது. 1874ல வந்த சட்டம், 6வது பிரிவு, நம்ம மெட்ராஸ்ல இந்துக்களுக்கு 1913 டிசம்பர் 31க்கு அப்புறம் எடுத்த பாலிசிக்கே செல்லும்னு அதுலயே தனியா எழுதிருக்கு, மத்த மாகாணத்துக்கெல்லாம் 1923 ஏப்ரல்தான்! பொண்டாட்டி, பிள்ளைங்க பேருக்கு எடுத்தா அது டிரஸ்ட் மாதிரி, அவரு சொத்துலயே சேராது, மத்த வாரிசும் கடன்காரனும் கை வைக்க முடியாது, பேர மாத்தவும் முடியாது. சிக்கல் என்னன்னா, புதுசா ப்ரபோசல் போடறப்பவே டிக் பண்ணணும், பழச மாத்த முடியாது. டைவர்ஸ் ஆனவங்ககிட்டயும் பிள்ளைங்க பேருக்கு வாங்கிக்கறாங்க, ஆனாலும் சட்டத்துல "கல்யாணமானவர்"னுதான் இருக்கு, அதனால டிக்ரிக்கு முன்னாடியே எடுத்துடுங்க. டிரஸ்டி (பிள்ளைங்களுக்காக பணத்த வாங்கி பாத்துக்கிற ஆளு) பேரு போடாம விட்டா பணம் அரசாங்க அபிஷியல் டிரஸ்டிகிட்ட போயிடும். அம்மா தன் உயிருக்கு எடுக்கிற பாலிசிக்கு இந்த வசதி கிடையாது, அது ஒரு கடுப்பு.

எது எடுத்தாலும் பிரீமியம் நின்னா சிக்கல்தான், கிரேஸ் (கெடு தாண்டியும் கட்ட விடுற அவகாசம்) 30 நாள், மாசத் தவணைன்னா 15தான்.

ரெண்டாவது மோஷனுக்கு (கோர்ட்ல ரெண்டாவது தடவ சம்மதம் சொல்றது) 6 மாசம் இருந்துச்சுல்ல, அதுக்குள்ள தங்கச்சி பேரம் பேசி எண்டோமெண்ட்ட அவருக்கே விட்டுட்டா. பதிலுக்கு எம்.டபிள்யூ.பி.ல புதுசா ஒரு டேர்ம் பிளான் (இறந்தா மட்டும் பணம் வர்ற பாலிசி), பெனிபிஷியரி (பணம் போய்ச்சேர வேண்டியவங்க) ரெண்டு பிள்ளைங்க, டிரஸ்டி இவ. பிரீமியத்த வருஷா வருஷம் ஜீவனாம்சத்துல இருந்து இவளே கட்டுறா, அவர நம்பி விடல.