சீலோம் மாரியம்மன் கோயில் எதிரே ஒரு பூத்தட்டுக் கடை

மகள் பாங்காக்கில் இருப்பதால் வருஷத்தில் மூன்று மாதம் எனக்கும் அந்த ஊர்தான். வெள்ளிக்கிழமை ஆனால் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 1870களில் நம் ஊர்க்காரர்கள் எழுப்பியது. அர்ச்சகர்கள் தமிழர்கள், வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசி தாய்லாந்து பௌத்தர்கள். கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது எதிர்ப்பக்கம் இருக்கும் பூத்தட்டுக் கடையைப் பற்றி. பலகை தாய்லாந்து எழுத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்க வராது. சிவப்புக் குடைதான் அடையாளம்.

தட்டு 150 பாட். தேங்காய், வாழைப்பழம், சாமந்தி மாலை, ஊதுபத்தி, மெழுகுவத்தி, ஒரு பாக்கெட் பால். வெற்றிலை பாக்கு இல்லாமல் என்ன அர்ச்சனைத் தட்டு என்று முதல் நாள் முகம் சுளித்தேன். இப்போது மகள், இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரத் பகுதியிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறாள்.

மல்லிகை வேண்டும் என்று கையால் கழுத்தைச் சுற்றிக் காட்டி "மாலை" என்றேன். உடனே எடுத்துக் கொடுத்தார். அவர்கள் மொழியிலும் அது 'புவாங் மாலை'தானாம்! ஆனால் கட்டும் விதம் வேறு. நாரில் தொடுப்பதில்லை. நீள ஊசியில் மொட்டு மொட்டாகக் குத்தி, வளையல் மாதிரி நெருக்கிக் கோத்து, கீழே ஒரு ரோஜாவைத் தொங்கவிடுகிறார்கள். கும்பகோணத்துக் கதம்பம் பார்த்த கண்ணுக்குப் பொம்மைப் பூவாகத்தான் தெரிந்தது. மறுநாள் வரை குலையாமல் நின்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்கார அம்மாளுக்கு என் வயது இருக்கும். அலமாரியின் மேல் தட்டில் புத்தர், அதற்குக் கீழே பிள்ளையார், பக்கத்தில் அந்த நாட்டின் பழைய அரசர் சுலலாங்கோர்ன் ராஜா படம், கல்லாவுக்கருகே கையசைத்து வியாபாரத்தை அழைக்கும் நாங் குவாக் பொம்மை. வாசலில் அந்த இடத்துக் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடு. அதன் முன் சிவப்பு ஃபேன்டா, ஸ்ட்ரா போட்டபடி.

எல்லாச் சாமியும் ஒன்று என்று அவர் கலந்துகட்டுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. ஒருநாள் ஒரு பையன் அவித்த முட்டைத் தட்டோடு வந்தான். அங்கே பல சன்னதிகளில் வேண்டுதலுக்கு முட்டை வைப்பது வழக்கம். இந்த அம்மாள் தடுத்து, "மே உமா" என்று கோயிலைக் காட்டித் தலையாட்டி, தட்டை வாங்கிக் கடையிலேயே வைத்துக்கொண்டு பழத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். 'மே' என்றால் அம்மா. உமா அம்மனுக்கு முட்டை ஆகாது என்கிறார். பிள்ளையாருக்கு என்று கேட்டால் கரும்புத் துண்டு சேர்ந்துவிடும்.

குறை இல்லாமலா? நவராத்திரியில் அதே தட்டு 300 பாட் ஆனது. விஜயதசமி இரவு, சாலையை மூடி அம்மன் ஊர்வலம் புறப்படும் நேரம், கூட்டத்தில் வாங்கிய மாலையின் உள்பக்கம் முந்தின நாள் பூ. மறுநாள் காட்டினேன். சிரித்துக்கொண்டே புதுசு கொடுத்தார், காசைத் திருப்பவில்லை.

ஐந்துக்கு நாலு. சில்லறை கொண்டு போங்கள். அடுத்த முறை நான் வாழைநார் ஒரு கட்டு எடுத்துப் போகிறேன். தொடுக்கக் கற்றுக்கொடு என்று சைகையில் கேட்டிருக்கிறார்.