ஹால் சுவருக்கு கேஎல் படமா, பினாங்கு படமா?

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க பாதிப் பேர் கேக்குற கேள்வி இது. ஹால் சுவரு வெறிச்சுன்னு கிடக்கு, ஃபர்னிச்சர் கடையில விக்கிற நியூயார்க் டாக்சி படம் வேணாம், நம்ம ஊரையே எடுத்து பிரிண்ட் போட்டு மாட்டலாம், ஆனா எதை, கேஎல்னு சொல்ற கோலாலம்பூரோட ட்வின் டவரா, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல கீழ கடையும் மேல வீடுமா இருக்குற கடைவீடா? என் பதில முதல்லயே சொல்லிடுறேன். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவுல எத்தன அடின்னு டேப் வச்சு அளங்க. பத்தடிக்குள்ளன்னா பினாங்கு. அதுக்கு மேல, சுவரும் நல்லா நீளமா இருந்தா கேஎல் பத்தி யோசிக்கலாம். கொண்டோ, ஃப்ளாட்ல இருக்குற முக்கால்வாசிப் பேருக்கு பினாங்குதான் வரும், கேஎல்காரன் நானே சொல்றேன்.

ஏன்னா ஸ்கைலைன் படம் சின்னதாப் போட்டா செத்துடும். ட்வின் டவர் 452 மீட்டர், 88 மாடி, தளத்தோட வடிவமே எட்டு முனை நட்சத்திரத்துல இருந்து வந்தது, அதனால வெளிச்சுவரு தட்டையா இல்லாம மடிஞ்சு மடிஞ்சு போகும், ஒவ்வொரு மாடிக்கும் குறுக்கால ஸ்டீல் பட்டை வேற ஓடும். சீசர் பெல்லி போட்ட டிசைனோட அழகே அந்த மடிப்புல லைட் விழுறதுலதான் இருக்கு. அதை ஏ4ல பிரிண்ட் போட்டுப் பாருங்க, மடிப்பும் தெரியாது பட்டையும் தெரியாது, சாம்பல் கலர்ல ரெண்டு குச்சி, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற மேக்னட் மாதிரி. 41, 42ஆம் மாடிப் பாலம் பாலமாத் தெரியணும்னாலே குறைஞ்சது மூணடி அகலம் வேணும்.

அந்த சைஸுக்கு ஃபைல் தாங்கணும்ல. 24 மெகாபிக்சல் கேமரான்னா 6000க்கு 4000 பிக்சல், 300 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சுப் போட்டா 20 இன்ச் அகலம்தான் வரும், 40 இன்ச்சுக்கு இழுத்தா 150 டிபிஐ. ஆறேழு அடி தள்ளி உக்காந்து பாக்குறதுக்கு 150 தாராளம், ஆனா அது டிரைபாட் போட்டு, கேமராவோட ஒளி உணர்திறன், அதான் ஐஎஸ்ஓ, கம்மியா வச்சு எடுத்த ஃபைலா இருக்கணும். ராத்திரில ஃபோன்ல கையில புடிச்சு எடுத்தது வாட்சப் ஸ்டேட்டஸ்ல கலக்கலா இருக்கும், மூணடிக்கு இழுத்ததும் ஜன்னலெல்லாம் தண்ணி பட்ட வாட்டர்கலரா கரைஞ்சு நிக்கும்.

எங்க நின்னு எடுக்குறதுங்கிறதுலயும் கேஎல் கொஞ்சம் வேலை வாங்கும். டவர் அடியில இருக்குற கேஎல்சிசி பார்க்குல நின்னு கேமராவை அண்ணாந்து தூக்குனா டவர் ரெண்டும் பின்னால சாயும். சாஃப்ட்வேர்ல நிமித்தலாம், ஆனா நிமித்துறப்போ ஓரமெல்லாம் வெட்டுப்படும், கடைசில கோபுர உச்சி ஃபிரேம்ல இடிக்கும், அதனால எடுக்கும்போதே சுத்தி இடம் விட்டு எடுக்கணும். தள்ளிப் போறதுதான் நல்லது. தித்திவங்சா ஏரிக்கரையில காத்து அடங்குன நேரத்துல மொத்த ஸ்கைலைனும் தண்ணியில தலைகீழா விழும், நீளப் படத்துக்கு அதை அடிச்சுக்க முடியாது. எனக்குப் புடிச்சது கம்போங் பாரு, டவருக்குப் பக்கத்துலயே இருக்குற பழைய மலாய்க் குடியிருப்பு. முன்னால தகரக் கூரை போட்ட மரவீடு, வாசல்ல ஒரு மஞ்சள் பல்பு, பின்னால வெள்ளை வெளிச்சத்துல டவர், ஊரோட கதையே அந்த ஒரு ஃபிரேம்ல வந்துடும்.

நேரத்துக்கு வந்தா, சாயங்காலம் மழை கொட்டி விட்ட நாள்தான் கேஎல்லுக்கு நல்ல நாள், தூசி புகையெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும். ஏழே கால் ஏழரை வாக்குல சூரியன் போனப்புறம் வானம் நீலமா இருக்குற நேரம் இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான், நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், சூரியன் நேரா கீழ இறங்கும், சட்டுனு இருட்டிடும். ஜாம்ல மாட்டுனா அன்னைக்குப் படம் இல்ல.

இன்னொரு சிக்கல் பலபேர் யோசிக்கிறதில்ல. கேஎல் ஸ்கைலைன் படத்துக்கு வயசு தெரியும். 678.9 மீட்டர்ல மெர்டேக்கா 118 கட்டடம் வந்தப்புறம் அதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் பழைய காலண்டர் ஆயிடுச்சு. ஜார்ஜ்டவுன் 2008ல மலாக்காவோட சேந்து யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறுனது, பழைய நகரப் பகுதில கட்டடத்துக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கு, இன்னைக்கு எடுத்த வீதி நாளைக்கும் கிட்டத்தட்ட அதே வீதிதான்.

பினாங்குல என்ன எடுக்குறதுன்னா, தெருவ எடுக்காதீங்க, சுவர எடுங்க. முழுத் தெருவையும் ஃபிரேம்ல அடக்கப் பாத்தா கரண்ட் வயரு, பார்க்கிங் போட்ட மைவி கார், குப்பைத் தொட்டி எல்லாம் கூடவே வந்துடும். ஒரே ஒரு கடைவீட்டு முன்பக்கம் போதும். பழைய கடைவீட்டுச் சுவரு சுண்ணாம்புப் பூச்சு, அது ஈரத்தை உள்ள இழுத்து வெளிய விடும், அதனால பெயிண்ட் ஒரேயடியா உரியாம அங்கங்க செதில் செதிலா விடும், மேல மஞ்சள், அதுக்குக் கீழ பச்சை, அதுக்கும் கீழ யாரோ எப்பவோ அடிச்ச நீலம், ஓரத்துல செங்கல் எட்டிப் பாக்கும். மேல மரப்பலகை ஜன்னல்ல ஒரு பலகை மட்டும் கழண்டு கோணலா தொங்கும். கீழ அஞ்சடில, அதான் கடை முன்னால ஓடுற கூரை போட்ட நடைபாதைல, தேஞ்சு போன பூப்போட்ட டைல்ஸ், தூணடில சின்னச் சிவப்பு சாமி மாடம், ஊதுபத்திச் சாம்பல். ஏ3 சைஸ்ல போட்டு நாலடி தூரத்துல மாட்டுனா தினமும் கடந்து போகும்போது கண்ணு புதுசா எதையாவது புடிக்கும். ட்வின் டவர் அந்த வேலை செய்யாது, ஒரு தடவ பாத்தா பாத்ததுதான்.

ஜார்ஜ்டவுன் லெபு ஆர்மேனியன் (லெபுன்னா வீதி) சுவர்ல இருக்குற சைக்கிள் பிள்ளைங்க ஓவியத்தை மட்டும் சுவர்ல மாட்டாதீங்க, ப்ளீஸ். 2012ல எர்னஸ்ட் சகாரேவிச் வரைஞ்சது, நல்ல வேலைதான், நேர்ல போய்ப் பாருங்க, வரிசையில நின்னு செல்ஃபி எடுங்க, ஆனா பிரிண்ட் போட்டா அது இன்னொருத்தர் வரைஞ்ச ஓவியத்தோட ஃபோட்டோ, உங்க படம்னு சொல்ல அதுல ஒண்ணுமில்ல.

காலைல ஏழரைக்கே போயிடுங்க. ஜார்ஜ்டவுன் தீவோட கிழக்குப் பக்கம், சூரியன் பட்டர்வொர்த் பக்கமிருந்து கடலத் தாண்டி வரும், லெபு பாசார் மாதிரி கடற்கரைல இருந்து உள்ள போற தெருவுலெல்லாம் வெயில் தரையோட தரையா நுழையும். ஒன்பதரைக்கு மேல மேல் மாடி வெள்ளையா வெந்து போகும், அஞ்சடி கருப்பாயிடும். லிட்டில் இந்தியாவுல ஆளுங்களக் கேட்டுட்டு எடுங்க. பூக்கடையில ஒரு தடவ "அக்கா, கடைய ஒரு படம் எடுத்துக்கவா?"ன்னு கேட்டேன், "கடைய எடு தம்பி, என் மூஞ்சி வேணாம், நான் இன்னும் தலை கூட சீவல"ன்னு சொல்லி அவங்களே மாலைக்குப் பின்னால போய் நின்னுட்டாங்க, கை மட்டும் தெரியுற அந்தப் படம்தான் இப்ப என் அக்கா வீட்ல மாட்டியிருக்கு.

கோபுரம் எடுக்கலாமான்னு கேப்பீங்க. பினாங்கு லெபு குயின் மாரியம்மன் கோயில் 1833, கேஎல் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில் 1873, ரெண்டும் படத்துக்கு அருமையான இடம்தான், ஆனா கோபுரப் படத்தை மாட்டுன மறுநாளே அம்மா பொட்டு வச்சுடுவாங்க, அப்புறம் அது சாமி படம், டிவி பக்கத்துல வைக்க முடியாது.

இல்ல, எனக்கு கேஎல்தான் வேணும், ஹாலும் சின்னது அப்படிங்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. டவர விட்டுட்டு மஸ்ஜித் ஜாமெக் போங்க. 1909ல ஆர்தர் பெனிசன் ஹப்பக் கட்டுனது, கிள்ளான், கோம்பாக் ரெண்டு ஆறும் சேருற முனைல, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரி வரியா வரும். ஒரு மினாரோட நடுப்பகுதிய மட்டும் டெலி லென்ஸ்ல இழுத்து எடுத்தா சின்ன ஃபிரேம்லயும் நிக்கும். அவரே 1910ல முடிச்ச பழைய ரயில்வே ஸ்டேஷன் வளைவுங்களும் அப்படித்தான், கருப்பு வெள்ளைக்கு இன்னும் பொருத்தம்.

பிரிண்ட் எதுல போடுறதுங்கிறதும் படத்தைப் பொறுத்துதான். கடைல எல்லாரும் கேன்வாஸத் தள்ளி விடுவாங்க, கண்ணாடி வேணாம், எடை கம்மி, லேசா ஷேக் ஆன படத்தைக் கூட மறைச்சுடும். ஆனா அந்தச் சுண்ணாம்புச் செதிலையும் துணியோட நெசவு தின்னுடும். வெளிச்சுவர்ல மாட்டுனா பின்னால பூஞ்சை புடிக்கும், நம்ம ஈரத்துக்கு கேன்வாஸ் தொய்யவும் செய்யும். பினாங்கு சுவருக்கு மேட் பேப்பர், பிக்மெண்ட் இங்க், சுத்தி மவுண்ட் அட்டை வச்சு ஃபிரேம். மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்ல, பேப்பர் கண்ணாடியத் தொடாம வைக்கிறதே அதுதான், தொட்டா ஈரத்துல ஒட்டிக்கும், பிரிச்சா படம் கண்ணாடியோட வந்துடும். கேஎல் ராத்திரிப் படத்துக்கு அலுமினியம் பிரிண்ட்தான், கருப்பு நல்லா ஆழமா வரும், ஈரம் ஒண்ணும் பண்ணாது. எதிர்ல ஜன்னல் இருந்தா மட்டும் போடாதீங்க, பகல்ல ட்வின் டவருக்குப் பதிலா உங்க வீட்டுத் திரைச்சீலைதான் தெரியும்.

கேஎல் படம் ஆர்டர் பண்றவங்க முதல்ல ஒரு சின்ன டெஸ்ட் பிரிண்ட் கேட்டு வாங்கிடுங்க. ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்குற ராத்திரிப் படம் பிரிண்ட்ல இருட்டடிச்சுதான் வரும், அதை வீட்டுக்குக் கொண்டு வந்து ஹால் லைட்டப் போட்டு, மாட்டப் போற அதே இடத்துல புடிச்சுப் பாத்துட்டு, எவ்ளோ பிரைட்னெஸ் ஏத்தணும்னு அப்புறம் சொல்லுங்க.