கட்டை பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா: ரயில் சக்கரத்தின் விரிசல் எதில் வேகமாக வளரும்?

மதுரை சந்திப்பில் சென்னை ஐ.சி.எஃப். ஆலையின் வடிவமைப்பிலான பழைய பெட்டிகளும், ஜெர்மானிய வடிவமைப்பிலான புதிய எல்.எச்.பி. பெட்டிகளும் நிற்பதுண்டு. ஐ.சி.எஃப். வகை விரைவு ரயில் பெட்டிகளின் உற்பத்தி 2018-இல் நின்றுவிட்டது. ஆயினும் ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் உள்ளன. ஐ.சி.எஃப். பெட்டியில் பிரேக் கட்டைகள், தண்டவாளத்தைத் தொட்டு உருளும் சக்கரத்தின் ஓடுபரப்பையே அழுத்திப் பிடிக்கின்றன. எல்.எச்.பி.யில் அச்சில் பொருத்திய டிஸ்க் அந்தப் பணியைச் செய்கிறது. சக்கரம் உருள மட்டுமே செய்கிறது. உலோகச் சோர்வால், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால், வரும் விரிசல் இவ்விரண்டில் எங்கே தொடங்குகிறது, எப்படி வளர்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

புதுச் சக்கரத்தின் விட்டம் இரு வகைக்கும் 915 மி.மீ. ஆகவே மதுரையிலிருந்து சென்னை செல்வதற்குள் அது ஏறத்தாழ 1.7 லட்சம் முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும், ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் அளவேயான தொடுபரப்பு பல டன் எடையைத் தாங்கி விடுபடுகிறது. விரிசல் முனையில் குவியும் தகைவின் (உலோகத்துக்குள் எழும் விசையழுத்தத்தின்) ஏற்ற இறக்கம் இரட்டித்தால், விரிசல் வளர்ச்சியைக் கணிக்கும் பாரிஸ் விதிப்படி, பொதுவான எஃகில் விரிசல் வளரும் வேகம் சுமார் எட்டு மடங்காகிறது. எனவே தகைவைச் சற்றுக் குறைத்தாலும் சக்கரத்தின் ஆயுள் வெகுவாகக் கூடும்.

கட்டை பிரேக்கின் குறை வெப்பம். ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டையைக் கடந்து புனலூருக்கு இறங்கும் மலைப்பாதையில் பிரேக்கை நெடுநேரம் விடாமல் பிடிக்க நேர்கிறது. அப்போது சக்கரத்தின் விளிம்பு சூடேறி விரிய முயல்கிறது. விளிம்பையும் நடுப்பகுதியையும் இணைக்கும் தட்டுப்பகுதி குளிர்ந்தே இருப்பதால், விளிம்பு விரிய இடமின்றி அமுங்கி, மீண்டும் குளிரும்போது இழுவிசையோடு நின்றுவிடுகிறது. தயாரிக்கும்போது விளிம்பைக் குளிர்வித்து வேண்டுமென்றே உள்ளே வைத்த அமுக்கத் தகைவு, விரிசலை மூடி வைத்திருந்த காவல், இவ்வாறு பறிபோகிறது. வார்ப்பிரும்புக் கட்டையைவிடக் கூட்டுப்பொருள் கட்டை வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால், சக்கரத்துக்குள் போகும் வெப்பம் மேலும் கூடுகிறது. கோடையில் வறண்ட கண்மாய்த் தரையைப் போல, ஓடுபரப்பில் குறுக்குவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்று விளிம்பின் ஓரத்தை எட்டி ஆழமாக இறங்கினால் சக்கரமே பிளக்கலாம்.

டிஸ்க் பிரேக்கில் இந்த வெப்ப விரிசலுக்கு அநேகமாக இடமே இல்லை. ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஓர் இழப்பும் உண்டு. கட்டை உரசும்போது ஓடுபரப்பின் மேல்தோல் தேய்ந்து, தண்டவாளத்தில் உருண்டு அழுந்துவதால் அப்போதுதான் முளைத்த உருள்தொடு விரிசல்களும் அதனுடன் போய்விடுகின்றன. உரசல் இல்லாத எல்.எச்.பி. சக்கரத்தில் அவை நிலைத்து, மேற்பரப்புக்குச் சாய்வாக உள்ளே ஊர்கின்றன. மழைநீர் புகுந்துவிட்டால், மேலே ஏறும் சுமை அந்த நீரை அழுத்தி விரிசலை மேலும் திறக்கிறது. எஃகில் கலந்த நுண்ணிய மாசுத்துகளிலிருந்து மேற்பரப்புக்கு அடியில் தொடங்கும் விரிசல்களோ இரு வகைச் சக்கரத்துக்கும் பொது; அவை மேலே வரும்வரை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பிரேக் பிடியில் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் தேய்ந்தாலும் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு படலம் உருவாகி விரிசலுக்கு வித்திடும். எல்.எச்.பி.யில் இதைத் தடுக்கும் சறுக்கல் காப்பு ஏற்பாடு இருப்பது பெரிய அனுகூலம்.

மலைத்தடத்துக்கு டிஸ்க் பிரேக்கே என் தேர்வு. அங்கே வெப்பத்தைச் சக்கரத்திலிருந்து விலக்குவதற்கு ஈடான ஆதாயம் வேறில்லை. திண்டுக்கல், திருச்சி வழியான சமதளத்தில் அந்த ஆதாயம் சிறுத்துவிடுகிறது. ஆய்வு முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். கட்டை பிரேக் சக்கரத்தின் குறுக்கு வெடிப்பைப் பழகிய ஊழியர், பெட்டிகளை அடியிலிருந்து பார்க்கும் பள்ளத் தடமான பிட் லைனில் விளக்கொளியிலேயே பார்த்துவிடுவார். டிஸ்க் பிரேக் சக்கரத்திற்கு அந்தக் கண் போதாது. மீயொலிச் சோதனை வேண்டும். கடைசல் இயந்திரத்தில் ஓடுபரப்பைச் சீவியபின் அது பளபளப்பாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாமல், விரிசலின் வேர் முழுவதும் நீங்கிற்றா என்று மறுபடியும் சோதித்த பிறகே பெட்டிக்கடியில் பூட்ட வேண்டும்.