ஸ்டாப், ஹால்ட், சீஸ், ஸ்டே: எது எதை நிறுத்துகிறது?

பஸ் ஸ்டாப், ரயில்வே ஹால்ட், சீஸ்ஃபயர், கோர்ட் ஸ்டே. நான்கும் தமிழ்ப் பேச்சில் புழங்குகின்றன. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நான்குக்கும் ‘நிறுத்தம்’ என்றே கை எழுதப் பார்க்கும். ஆனால் அவற்றின் வேர் வேறு வேறு. ஸ்டாப் அடைப்பதிலிருந்தும், ஹால்ட் பிடிப்பதிலிருந்தும், சீஸ் விலகுவதிலிருந்தும், ஸ்டே நிற்பதிலிருந்தும் வந்தவை. எந்த இடத்துக்கு எந்தச் சொல் என்பதை இன்றும் அந்த வேர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நான்கில் ஸ்டாப்பின் கதைதான் நீளம். லத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்றால் ஆளிச்செடி நாரைச் சீவும்போது கழியும் முரட்டு நார். அதைத் திணித்து ஓட்டையை அடைப்பதிலிருந்து ஸ்டாப் வந்தது என்பதே பெரும்பாலான அகராதிகள் ஏற்கும் விளக்கம். படகுப் பலகைகளின் இடுக்கில் நூலை அடித்துச் செருகும் கலப்பத்து வேலையை நினைத்துக்கொண்டால் முதற்பொருள் பிடிபட்டுவிடும். ஜெர்மனில் ‘ஷ்டோப்ஃபன்’ என்றால் இன்றும் திணிப்பதுதான். அதே வேரில் வந்த ‘ஃபெர்ஷ்டோப்ஃபுங்’ மலச்சிக்கல்.

ஓடுவது நிற்பது என்ற பொருள் ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் ஊன்றியது. வழியை அடைத்தால் போவது நின்றுவிடும் அல்லவா, பொருள் அப்படித்தான் நகர்ந்தது. பழைய பொருளும் சாகவில்லை. புட்டியின் ஸ்டாப்பர் தக்கை. குழாயின் ஸ்டாப்காக் நீர்வழியை அடைக்கும் திருகு. பிரிட்டிஷ் வழக்கில் பல்லின் குழியை அடைப்பது ‘ஸ்டாப்பிங்’. 1611இன் ஆங்கில பைபிளில் செவிட்டு விரியன் காதை ‘ஸ்டாப்’ செய்கிறது, அதாவது அடைத்துக்கொள்கிறது. ஒலியியலில் ஸ்டாப் என்பது வாய்க்குள் காற்றை முழுதாக அடைத்துப் பிறக்கும் ஒலி. ‘அப்பா’ என்பதில் உதடு மூடும் அந்தக் கணம். இதை ‘நிறுத்தொலி’ என்பதைவிட ‘அடைப்பொலி’ என்பதே பொருத்தம் என்பேன்.

வங்கியில் காசோலைக்குக் கொடுக்கும் ‘ஸ்டாப் பேமென்ட்’டும் இந்த வகைதான். அது அந்த ஒரு காசோலை வழியாகப் பணம் போவதை அடைக்கிறது; கடன் அப்படியே இருக்கிறது. ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் செக் மோசடி வழக்கே வராது என்று நம்புவது தவறு. அப்படித் திரும்பிய காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தலாம் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இலக்கணத்தில் ஸ்டாப் வைக்கும் பொறி ஒன்று உண்டு. ‘ஸ்டாப்டு டாக்கிங்’ என்றால் பேச்சை நிறுத்தினார். ‘ஸ்டாப்டு டு டாக்’ என்றால் பேசுவதற்காக நின்றார். ஒன்றுக்கொன்று நேர் எதிர். சீஸில் இந்தத் தொல்லை இல்லை, எந்த வடிவம் போட்டாலும் பொருள் ஓய்வதுதான். பிரிட்டிஷ் பேச்சில் ‘அத்தை வீட்டில் ஸ்டாப்பிங்’ என்றால் தங்கியிருக்கிறார் என்று பொருள்.

ஹால்ட் ஜெர்மன் படைவீரர்களின் கட்டளை: ‘ஹால்ட்’, பிடி, இருந்த இடத்திலேயே இரு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதே சொல் ஸ்பானிய மொழியில் ‘ஆல்ட்டோ’ ஆகி, மெக்சிகோவின் சாலைப் பலகைகளில் நிற்கிறது. பிரிட்டனிலும் முன்பு பெரிய சாலையைத் தொடும் இடங்களில் ‘ஹால்ட்’ பலகைதான் இருந்தது. சாலைக் குறிகளைச் சீரமைக்கப் பரிந்துரைத்த 1963இன் வோர்பாய்ஸ் குழு அறிக்கைக்குப் பிறகு அந்த இடத்தை ஸ்டாப் பிடித்தது. ஹால்ட்டில் ‘மறுபடி புறப்படுவாய்’ என்ற குறிப்பு பெரும்பாலும் ஒட்டியிருக்கும். படை இளைப்பாறும் இடம் ஹால்ட். ரயில் இரண்டு நிமிடம் நிற்பது ஹால்ட். பெரும்பாலும் ஒப்பந்த முகவர் டிக்கெட் விற்கும் சின்ன நிலையமும் ஹால்ட். இன்டெல் செயலிகளின் ‘ஹெச்எல்டி’ கட்டளையும் செயலியை அணைத்துவிடாது. அடுத்த இன்டரப்ட், அதாவது கவனத்தைக் கோரும் குறுக்கீட்டுச் சைகை, வரும்வரை காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான்.

இதே எழுத்தில், இதே ஒலிப்பில், உறவே இல்லாத இன்னொரு ஹால்ட் இருக்கிறது. அது பழைய ஆங்கிலச் சொல், பொருள் நொண்டுவது. பழைய நூல்களை வாசிப்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். பைபிளில் எலியா தீர்க்கதரிசி மக்களைப் பார்த்து, எவ்வளவு காலம் இரண்டு கருத்துகளுக்கு நடுவே ‘ஹால்ட்’ செய்வீர்கள் என்று கேட்கும் வரியை, நடுவில் நின்றுவிட்டார்கள் என்றே இன்றைய ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்கிறார். தமிழ் பைபிளில் ‘குந்திக்குந்தி நடப்பீர்கள்’ என்று இருக்கிறது. அதுதான் சரி. திக்கித் திக்கிப் பேசுவதை ‘ஹால்ட்டிங்’ என்பதும் இந்த நொண்டலின் மிச்சம்.

சீஸ் லத்தீன் ‘செடெரே’ வழி வந்தது: விலகு, விட்டுக்கொடு. வெளியிலிருந்து தடுப்பதைவிட, செய்துகொண்டிருப்பவர் கைவிடுவதே இதில் முன்னிற்கிறது. அதனால்தான் போர் சீஸ் ஆகிறது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்டது சீஸ்ஃபயர் ஒப்பந்தம். சண்டை ஓய்கிறது, சமாதானம் வந்துவிட்டது என்று பொருளில்லை. உச்சரிப்பில் கவனம் வேண்டும். கடைசி ‘ஸ்’ஸில் அதிர்வு சேர்ந்து ஆங்கில ‘z’ ஒலியானால், பறிமுதல் செய் என்ற வேறு சொல்லாகிவிடும்.

ஸ்டே, நிற்பது என்ற லத்தீன் ‘ஸ்டாரே’யிலிருந்து. நடப்பதை நடந்த இடத்திலேயே நிற்கவைப்பது. ‘ஸ்டே வாங்கியாச்சு, இனி அந்தத் தீர்ப்பே கிடையாது’ என்று பேசுவது பிழை. ஸ்டே ஓர் உத்தரவை அழிக்காது. அது செயல்படுவதைத்தான் நிறுத்திவைக்கும். ரத்து வேறு, ஸ்டே வேறு என்பதை 1992இல் சாமுண்டி மொபெட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மேல்முறையீடு போட்டதாலேயே ஸ்டே வந்துவிடாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5. தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

ஸ்டேயையும் இன்ஜங்ஷனையும் (உறுத்துக் கட்டளை) ஒன்றாக்கி ‘தடை’ என்று எழுதுவதும் சிக்கல் தரும். இன்ஜங்ஷன் எதிராளியை நோக்கியது. பிறப்பித்த நொடியிலிருந்தே செல்லும். தீர்ப்பு நிறைவேற்றத்துக்குத் தரும் ஸ்டே கீழ் நீதிமன்றத்தை நோக்கியது. அந்த நீதிமன்றத்துக்குத் தெரிந்த பிறகே அதைக் கட்டுப்படுத்தும் என்பது 1967இன் முல்ராஜ் வழக்குத் தீர்ப்பு. காலையில் ஸ்டே கிடைத்து, விவரம் எட்டாமல் மதியம் கீழ் நீதிமன்றத்தில் ஏலம் முடிந்துவிட்டால், அந்த ஏலம் தானாகச் செல்லாமல் போகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவின் கீழ் அதை விலக்கித் தரும்படி திரும்பவும் மனுப் போட வேண்டியிருக்கும். எனவே உத்தரவு கிடைத்த கையோடு அதன் நகலைக் கீழ் நீதிமன்றத்தில் சேர்த்துவிட வேண்டும்.