மதுரை அரவிந்த்: ஆளைப் பார்த்து எடை போடாத கண் மருத்துவமனை

மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கு நடக்கும் அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையைத்தான் வியந்து சொல்வார்கள். கண்புரை முற்றிய என் பெரியப்பாவை அங்கே அழைத்துச் சென்ற எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. வருகிறவரின் உடையையும் பேச்சையும் வைத்து, இவரிடம் எவ்வளவு பணம் தேறும் என்று அங்கே யாரும் கணக்குப் போடவில்லை.

இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. அதற்கு முன் நாங்கள் போன வேறொரு தனியார் மருத்துவமனையில், கரிசல் மண் ஏறிய வேட்டியும் தோளில் துண்டுமாக நின்ற பெரியப்பாவிடம் "ஓரமா நில்லுங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னால் காரில் வந்து இறங்கியவருக்குக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வரவேற்பில் இருந்தவரும் கண்ணுக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே "கட்ட முடியுமா?" என்றுதான் கேட்டார். ஆள் பாதி, ஆடை பாதி என்று துணிக்கடைக்காரர் சொல்வதில் தவறில்லை. மருத்துவமனை அதை நம்பத் தொடங்கினால் வைத்தியமும் பாதியாகிவிடும்.

அரவிந்தில் கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. மருத்துவர்கள் இரண்டு பிரிவுகளிலும் மாறி மாறிப் பணியாற்றுகிறார்கள். பணம் கட்டுவோரிடமிருந்து வரும் உபரிதான் இலவசச் சிகிச்சையைத் தாங்குகிறது. பெரியப்பா சற்றும் யோசிக்காமல் கட்டணப் பிரிவுக்கே நடந்தார். பட்டாபட்டி டவுசர் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நோட்டுகளை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணியபடி, "பருத்தி போட்ட காசு இருக்குல்லப்பா, ஓசியில எதுக்கு?" என்றார். அந்தக் காவலாளி பார்த்திருக்க வேண்டிய காட்சி.

இப்படியொரு நடைமுறை இங்கே அமைந்ததில் வியப்பில்லை என்றே தோன்றுகிறது. இதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடும் முடக்குவாதத்தால் படுக்கையில் விழுந்து, விரல்கள் வளைந்துபோனவர். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவர், அது இயலாது என்றான பின் கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களுக்கேற்ற கருவிகளோடு கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் இந்த மருத்துவமனை. கோணிய அந்தக் கைகளை மட்டும் பார்த்தவர் எவரும் தம் கண்ணை அவரிடம் ஒப்படைத்திருக்க மாட்டார்கள்.

பணியாளர் தேர்விலும் இதே பார்வைதான். கண் அழுத்தம் பார்ப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை பெரும்பகுதி வேலையைச் செய்யும் சிஸ்டர்களில் பெரும்பாலோர், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். ஆங்கிலப் பேச்சையும் மிடுக்கையும் விடப் பொறுமையையும் பரிவையும் பார்த்துச் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி தருகிறார்கள். பெரியப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்ட பெண், அவர் காது மந்தம் என்று தெரிந்ததும் குரலை உயர்த்தாமல், குனிந்து காதருகே வந்து, "தாத்தா, கண்ண மூடிக்கோங்க, எரியும்" என்று சொன்னார்.

இரண்டு பிரிவுகளும் எல்லா வகையிலும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். கட்டணம் கூடினால் அறை வசதியும் கூடும். இலவசப் பிரிவில் பாயில் படுப்பது நெடுநாள் வழக்கம். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு அது சிரமம்தான். அறுவை முறையிலும் வேறுபாடு உண்டு: இலவசப் பிரிவில் பெரும்பாலும் தையலில்லாச் சிறுகீறல் முறை, கட்டணப் பிரிவில், புரையை ஒலியலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பாகோ முறை மிகுதி. முற்றிய புரையில் இரண்டுமே நல்ல பார்வையைத் தருபவை; ஆறும் வேகத்தில் பாகோ சற்று முந்தும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992இல் தொடங்கிய தங்களுடைய ஆரோலேப் நிறுவனத்திலேயே தயாரிப்பதால் அதன் விலை வெகுவாகக் குறைந்தது.

கூட்டம் எப்போதும் இருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பயணச் செலவுக்கே வழியில்லாதவர்கள், ஊர்ப்புறங்களில் அவர்கள் நடத்தும் முகாம்களுக்குப் போகலாம். அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.